மெட்ரோனோம், டியூனர் வாங்கும் முன்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு முன்னறையில் வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமைகளில் ஏற்காட்டில் ஒரு வகுப்பு. புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால், மூன்றாவது வாரம் அம்மாவோ அப்பாவோ இந்தச் சந்தேகங்களோடு வாசலில் நிற்பார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். மாட்டி முடிப்பதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், மெட்ரோனோம், டியூனர், சுருதிப் பெட்டி எல்லாம் ஒண்ணுதானுங்களே?

இல்லைங்க. சுருதிப் பெட்டி ஒலி கொடுக்கும். ச-ப-ச என்று விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும், நாம் போய் அதோடு சேர வேண்டும். டியூனர் நாம் எழுப்பும் ஒலியைக் கேட்டு, அது எந்த ஸ்வரம், எவ்வளவு ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது என்று ஊசியிலோ விளக்கிலோ காட்டும். மெட்ரோனோமுக்குச் சுருதியே தெரியாது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வைத்தால் அதே சீராக டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும்.

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். முதல் இரண்டும் மாதா பக்கம், மெட்ரோனோம் பிதா பக்கம். டியூனரும் மெட்ரோனோமும் ஒரே பெட்டியில் சேர்ந்து வருவதும் உண்டு. கெடுதல் இல்லை, ஆனால் பல மாடல்களில் மெட்ரோனோம் சத்தம் கொசு மாதிரி இருக்கும். வயலினைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாசிக்கும்போது அது காதில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்பதான் சரளி வரிசை ஆரம்பிச்சிருக்கா. எதை முதல்ல வாங்கறது?

சரளி வரிசைதான் ஸ்வரப் பயிற்சியின் முதல் பாடம். அதற்கு முதலில் சுருதிப் பெட்டி. அது இல்லாமல் மற்ற இரண்டையும் வாங்குவது, அடுப்பு வாங்காமல் குக்கர் வாங்குவது மாதிரி. பாடுகிற பிள்ளைக்கு டியூனரே தேவைப்படாமல் போகலாம். வயலின், வீணை, கிடார் என்றால் இரண்டாவதாக டியூனர் வாங்கலாம், ஏனென்றால் வகுப்பில் நான் சேர்த்துக் கொடுக்கும் தந்தி வீட்டுக்குப் போவதற்குள் இறங்கிவிடும். மெட்ரோனோம் கடைசி. முதல் ஆறு மாதம் கையால் தாளம் போடட்டும். ஆதி தாளத்தின் லகு (நான்கு எண்ணிக்கை), திருதம் (இரண்டு எண்ணிக்கை) எல்லாம் கையில் ஊறிய பிறகுதான் இயந்திரத் தட்டு உதவும். அதற்கு முன்னால் கொடுத்தால் பிள்ளை தாளத்தை வெளியில் தேடப் பழகிவிடும்.

போன்ல ஓசியாவே ஆப் இருக்கே, எதுக்குத் தனியா காசு போடணும்?

நியாயமான கேள்வி. மூன்றுக்கும் நல்ல ஆப்புகள் இருக்கின்றன. துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. என் வகுப்பில் பாதிப் பேர் போனில்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் போன் அப்பாவுடையது. சாதகம் (வீட்டுப் பயிற்சி) செய்யும் நேரம் மாலை ஆறு மணி. அப்பா வருவது எட்டு மணிக்கு. அப்படியே கையில் கிடைத்தாலும் நடுவில் ஒரு அழைப்பு, ஒரு மெசேஜ், ஒரு விளம்பரம். சுருதி நின்றுபோன இடத்தில் பிள்ளையின் சாதகமும் நின்றுபோகும். அதுவும் போதாதென்று, போனின் குட்டி ஸ்பீக்கரில் மந்தர ஷட்ஜம் (கீழ் ச) சரியாகக் கேட்காது. வீட்டில் ஒரு பழைய போன் சும்மா கிடக்கிறதா? சிம்மைக் கழற்றிவிட்டு அதைச் சங்கீதத்துக்கென்றே ஒதுக்குங்கள், ஒரு ஒயர் ஸ்பீக்கர் மாட்டுங்கள். அதுவே போதும்.

டியூனர்ல சி, டி, ஈன்னு வருது. நீங்க அஞ்சரைக் கட்டைன்னு சொல்றீங்க. ரெண்டையும் எப்படிப் பொருத்தறது?

நம் ச எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை ஹார்மோனியக் கட்டையை வைத்துச் சொல்லும் கணக்கு இது. ஒரு கட்டை சி. ஒன்றரை சி ஷார்ப். இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ. மூன்றரை கிடையாது, ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லையே! நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. சில டியூனர்கள் ஆறரையை பி ஃபிளாட் என்று காட்டும். அதுவும் இதுவும் ஒரே ஸ்வரம்தான், பயப்பட வேண்டாம்.

உங்கள் பெண் ஐந்தரைக் கட்டை என்றால் ச தந்திகள் இரண்டும் ஜி ஷார்ப், ப தந்திகள் இரண்டும் டி ஷார்ப் என்று காட்ட வேண்டும். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வயலின் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். டியூனரில் வயலின், கிடார் என்று தனித்தனி மோடு இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். அவை மேல்நாட்டு முறைக்கானவை, நம் ச-ப-ச-பவுக்கு ஒத்துவராது. குரோமாட்டிக் மோடில் (பன்னிரண்டு ஸ்வரத்தையும் காட்டுவது) வையுங்கள்.

கிளிப் வச்சது வாங்கறதா, மைக் வச்சதா?

கிளிப் டியூனர் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைப் பிடிக்கிறது. பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும், பத்துப் பேர் ஒன்றாகத் தந்தி சேர்த்தாலும் அது தன் வாத்தியத்தை மட்டும் பார்க்கும். வயலினில் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) பக்கம், கிடாரில் தலைப்பக்கம் மாட்டலாம். ஆனால் பாட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் அது பயன்படாது, அவற்றுக்கு மைக் வகை வேண்டும். சில நூறு ரூபாயிலேயே நல்ல கிளிப் கிடைக்கிறது. வாங்கும்போது கிளிப்பின் கீல் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் உடைவது அதுதான். சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி போடுகிற மாதிரி இருந்தால் எந்த வாட்ச் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

மைக் டியூனர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தந்தி சேர்க்கும்போது சுருதிப் பெட்டியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதைக் கேட்பது என்று தெரியாமல் ஊசி குதித்துக்கொண்டே இருக்கும்.

கடையில டியூனர்னு கேட்டேன், சின்ன ஸ்க்ரூவைக் கொடுத்துட்டாங்க டீச்சர்!

அது ஃபைன் டியூனர். வயலினில் தந்தியின் அடிமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கித் தளர்த்தும் திருகு. கடைக்காரர் மேல் தப்பில்லை, பெயர் அப்படி. தூக்கிப்போடாதீர்கள், நான்கு தந்திக்கும் மாட்டித் தருகிறேன். பிள்ளைகளுக்குப் பிருடையைத் திருகித் தந்தியை அறுப்பதிலிருந்து தப்பிக்க அதுதான் வழி.

கோபுரம் மாதிரி மரத்துல, சாவி கொடுக்கற மெட்ரோனோம் ஒண்ணு பார்த்தேன். அது நல்லதா?

அழகு. முள் இடமும் வலமும் ஆடுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். தட்டு எப்போது விழப்போகிறது என்பது கண்ணுக்கு முன்கூட்டியே தெரிவது அதில் ஒரு வசதி, பல எலக்ட்ரானிக் பெட்டிகளில் அது கிடையாது. இந்த ஊசல் யோசனை 1814-ல் ஆம்ஸ்டர்டாமில் இருந்த வின்கெல் என்பவருடையது. மெல்சல் என்பவர் அதில் அளவுகோலைச் சேர்த்து 1815-ல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். 1817-லேயே பீத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். பெயர் மெல்சலுக்கு, வயிற்றெரிச்சல் வின்கெலுக்கு.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். சமதளத்தில் வைக்காவிட்டால் டிக்-டக் நொண்டும். எங்கள் பழைய வீட்டுத் தரையில் அதற்கென்று ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒருநாள் ஆயிற்று, கடைசியில் ஒரு பக்கம் பழைய பஸ் டிக்கெட்டை மடித்து வைத்தோம். பெரும்பாலும் 40-லிருந்து 208 வரைதான் போகும். 60-க்கு அடுத்து 63, 66 என்று தாவும். அது பழுது இல்லை, மரபான அளவுகோலே அப்படி: வேகம் கூடக் கூட இடைவெளியும் கூடும். வீட்டில் தாத்தா வைத்திருந்தது கிடைத்தால் விடாதீர்கள். காசு போட்டு வாங்குவதாக இருந்தால் எலக்ட்ரானிக்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 60-ல் வைத்துவிட்டு, ஒரு தட்டு விழும்போது போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தி அந்தத் தட்டை 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்குங்கள். அறுபது என்று சொல்லும்போது சரியாக ஒரு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். முதல் தட்டை ஒன்று என்று எண்ணிவிட்டு, கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

சரளி வரிசைக்கு எத்தனையில வைக்கணும்?

இதற்கு ஒரே எண் சொல்ல முடியாது. கணக்கைச் சொல்கிறேன். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மெட்ரோனோமை 60-ல் வைத்தால் மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 240 ஸ்வரம் வரும். புதிதாகக் கற்கும் பிள்ளையின் வில் அதற்குத் தாங்காது, 40-ல் வைத்தால் 160.

எல்லோரும் செய்யும் தப்பு, முதல் காலம் சுகமாக இருக்கும் வேகத்தை வைத்துவிட்டு மூன்றாம் காலத்தில் தலைதெறிக்க ஓடுவது. தலைகீழாகச் செய்யுங்கள். மூன்றாம் காலம் தெளிவாக வருகிற வேகத்தைக் கண்டுபிடித்து அதை நோட்டில் எழுதுங்கள். முதல் காலம் அந்த வேகத்தில் தூங்கி வழியத்தான் செய்யும். அந்த மெதுவில் வில்லை நடுங்காமல் இழுப்பதுதான் சாதகமே. 40-க்குக் கீழே போகாத பெட்டி என்றால் 60-ல் வைத்து இரண்டு தட்டை ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள், 30 ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ கூட்டினால் போதும்.

மிஸ்ர சாப்பு, கண்ட நடைக்கெல்லாம் இது ஒத்துவருமா?

பெட்டியைப் பொறுத்தது. நடை என்பது ஒரு தட்டை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது. விலை குறைந்தவற்றில் ஒரு தட்டை 2, 3, 4 ஆகப் பிரிக்க மட்டுமே வழி இருக்கும். அதாவது சதுஸ்ரமும் திஸ்ரமும் உண்டு, கண்ட நடைக்கு வேண்டிய 5 இருக்காது. வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது. கடைக்காரருக்குப் புரியாவிட்டால் நீங்களே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

ஆப்புகள் இதில் ஒரு படி மேல். ஒவ்வொரு தட்டுக்கும் அழுத்தம் தனியாக வைக்கலாம். ஆதி தாளத்துக்கு எட்டுத் தட்டு வைத்து 1, 5, 7-ல் அழுத்தம் கொடுங்கள், லகுவும் இரண்டு திருதமும் காதில் தெரியும். மிஸ்ர சாப்புக்கு ஏழு தட்டு, 1, 4, 6-ல் அழுத்தம். கண்ட சாப்புக்கு ஐந்து, 1, 3-ல். தாளத்தையே பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் தாளப் பெட்டிகளும் தனியாக வருகின்றன. கீர்த்தனை வாசிக்கும் நிலைக்கு வந்த பிறகு அவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

மெட்ரோனோம் போட்டா எனக்கு வாசிக்கவே வர்றதில்லைங்க. இல்லாதப்ப நல்லா வருது.

இல்லாதபோதும் நன்றாக வரவில்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். கோபிக்காதீர்கள், எனக்கும் இருபது வயதில் இதே கதைதான்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். வீட்டின் கீழ்த்தளத்தில் விசைத்தறி, மாடியில் அவன் சாதகம். எந்த வேகத்தில் எடுத்தாலும் நாலாவது ஆவர்த்தனத்துக்குள் (ஆவர்த்தனம் என்றால் தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். ஜண்டை வரிசையும் அதே வேகம், வர்ணமும் அதே வேகம். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனபோதுதான் புரிந்தது: தறி ஓடும் தடக்-தடக் அது. பிறந்ததிலிருந்து தரை வழியாகக் காலில் ஏறியிருக்கிறது. தாளம் பிசகாத பையன், ஆனால் தறியின் தாளம். அவனுக்குத்தான் மெட்ரோனோம் உண்மையாக உதவியது, ஏனென்றால் வேறு வேகங்களும் உலகத்தில் உண்டு என்று அது காட்டியது. முதலில் வாத்தியத்தைத் தொடாமல் 50-க்கு நடக்கச் சொன்னேன். பிறகு கைத்தட்டு. பிறகு ஒரே ஸ்வரம். மூன்று வாரம் கழித்துத்தான் வரிசை.

ஓரளவு பழகியதும், தட்டுகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு தட்டு மட்டும் கேட்கிற மாதிரி வைத்து, சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) அதோடு போய் இறங்க முடிகிறதா என்று பாருங்கள். எட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் யாரும் ஒட்டிக்கொண்டு ஓடிவிடலாம்.

சேலத்துல சரியா சுருதி சேர்த்துட்டுத்தான் ஏற்காடு போனேன். அங்க டியூனர் வேற காட்டுது. டியூனர் கெட்டுப்போச்சா?

டியூனர் நன்றாகத்தான் இருக்கிறது. மாறியது வயலின். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். சேலத்தைவிட எட்டுப் பத்து டிகிரி குளிர்ச்சி. குளிரில் எஃகுத் தந்தி சுருங்கும், இறுக்கம் கூடும், சுருதி ஏறும். புல்லாங்குழலுக்கு நேர்மாறு. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் குழலின் சுருதி இறங்கும், டிகிரிக்குச் சுமார் 3 சென்ட். (ஒரு ஸ்வர ஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் ஒரு சென்ட்.) ஊத ஊத மூச்சுச் சூட்டில் குழல் கொஞ்சம் மீண்டுவிடும். ஆனால் ஏற்காட்டு வகுப்பில் முதல் பத்து நிமிடம் வயலின் மேலே, குழல் கீழே, சுருதிப் பெட்டி நடுவில் நியாயத்தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கும். மலை மேல் காற்று மெலிந்திருப்பதால்தான் என்று ஒரு அப்பா சொன்னார். அது இல்லை. வெப்பநிலைதான் காரணம்.

பிருடைக்கும் இதே பாடு. சேலத்துச் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து பிருடை நழுவும், கொஞ்சம் சாக்பீஸ் தடவினால் நிற்கும். மலையில் மூடுபனி நாட்களில் மரம் ஊறிப் பிருடை அசையாது. பலம் கொடுத்துத் திருகாதீர்கள். போனதும் பெட்டியைத் திறந்து இருபது நிமிடம் வாத்தியத்தைச் சும்மா விடுங்கள். அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம், ஊர் அதற்குப் பேர் போனது.

ரெண்டு டியூனர் இருக்கு, ரெண்டும் ரெண்டு மாதிரி சொல்லுது?

பெரும்பாலும் ஒன்று 440-ல் இருக்கும், இன்னொன்றில் யாரோ பட்டனை அழுத்தி 442 ஆக்கியிருப்பார்கள். ஏ என்ற ஸ்வரத்துக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்ற அடிப்படை எண் அது. 440-தான் உலகத் தரம். 442 என்றால் எல்லா ஸ்வரமும் சுமார் 8 சென்ட் மேலே போய்விடும். இரண்டையும் 440-க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் சேராவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர்ல மெட்ரோனோம் போட்டா லேட்டாகுதாமே?

ஆகும். ஆனால் ஒவ்வொரு தட்டும் ஒரே அளவு தாமதமாக வருவதால், காதால் கேட்டு வாசிப்பவருக்குத் தெரியாது. போன் திரையில் மின்னும் விளக்கைப் பார்த்துக்கொண்டே காதில் தட்டைக் கேட்டால்தான் இரண்டும் பிசகிக் குழப்பும். திரையைக் கவிழ்த்து வையுங்கள். பதிவு செய்யும்போது மட்டும் ஒயர் போட்டுக்கொள்ளுங்கள்.

மிருதங்கத்துக்கு டியூனர் வாங்கலாமுங்களா?

வேண்டாம். வலந்தலையை (வலது பக்கத் தோலை) ஷட்ஜத்துக்குச் சேர்க்கும்போது ஒரு இடத்தில் தட்டினால் டியூனர் ஏதோ ஒரு எழுத்தைக் காட்டும். ஆனால் வட்டம் முழுக்க ஒரே நாதம் வருகிறதா என்பதுதான் அங்கே வேலை. தட்டிச் சேர்க்கக் கல்லும் மரக்கட்டையும், கேட்கச் சுருதிப் பெட்டியும் போதும்.

காந்தாரம் வாசிச்சா ஊசி எப்பவும் இடது பக்கமே நிக்குது. ஆனா நீங்க 'சரியா இருக்கு'ங்கறீங்க. யாரு சொல்றது சரி?

இரண்டு பேரும்தான். டியூனர் ஒரு ஸ்தாயியை (ச-விலிருந்து மேல் ச வரை) பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறது, கீபோர்டு மாதிரி. அதன்படி அந்தர காந்தாரம் (பெரிய க) ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட். ஆனால் தம்பூராவின் ஷட்ஜத்தோடு முழுசாகக் கரைகிற காந்தாரம் 5-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும், அது 386 சென்ட்தான். பதினாலு சென்ட் வித்தியாசம் ஊசியில் நன்றாகத் தெரியும். மோகன ராகத்தில் நீண்டு நிற்கும் காந்தாரத்தை ஊசிக்காக ஏற்றினால், சுருதிப் பெட்டியோடு சேராமல் காது கூசும். காகலி நிஷாதமும் (பெரிய நி) இப்படித்தான், 12 சென்ட் கீழே. பஞ்சமம் தப்பித்தது: 700-க்குப் பதில் 702.

அதனால் டியூனரை ச-வுக்கு மட்டும் நம்புங்கள், ப-வுக்கு ஏறக்குறைய நம்புங்கள். கமகம் (அசைவு) வருகிற ஸ்வரத்துக்கு அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தைக் காட்டினால் பாவம், பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும்.

டியூனரைப் பார்த்தே சேர்த்துப் பழகினா காது மந்தமாயிடும்னு மாமனார் சொல்றாரு. நிஜமா?

பார்த்து மட்டுமே சேர்த்தால் நிஜம். நான் சொல்லித்தரும் வழி இது. ஒரு தந்தியை மட்டும் டியூனரில் வையுங்கள், நடு ச. அப்புறம் டியூனரை அணைத்துவிட்டுச் சுருதிப் பெட்டியைப் போடுங்கள். இப்போது தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, நீளமாக வில் போடுங்கள். இரண்டு ஒலியும் சேராத இடத்தில் 'வா-வா-வா' என்று ஓர் அலை கேட்கும். பெட்டி 440 ஹெர்ட்ஸிலும் தந்தி 437-லும் இருந்தால் நொடிக்கு மூன்று அலை. திருகைத் திருப்பத் திருப்ப அலை மெதுவாகும், நீளும், ஒரு இடத்தில் நின்றுவிடும். அலை நின்ற இடம்தான் சுருதி.

போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படித்தான் ப தந்தியைச் சேர்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, திருகை இம்மி இம்மியாக. முடித்ததும் என்னைக் கேட்காமலே கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். ஊசி நடுவில் இல்லை, ஒரு நூல் வலது பக்கம் நின்றது. "தப்பா டீச்சர்?" என்று முகம் சுருங்கிவிட்டது. போன கேள்வியில் சொன்ன அந்த 2 சென்ட்தான். அவள் கையிலிருந்து கிளிப்பை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வர்ணத்தை எடுக்கச் சொன்னேன்.